ஜீவிதா கூட்டிய வரி

அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சுகளைத் தொகுத்து வைக்கும் குன்னூர் அலுவலகம் அது. ஒரே பேச்சை இருவர் தனித்தனியாகக் கேட்டுத் தட்டச்சு செய்வார்கள்; இரண்டும் ஒத்துப்போனால்தான் தொகுப்பில் சேரும். புதியவர்களுக்குப் பயிற்சி தரும் எல்சாவுக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், அவளைக் குறை சொல்லாதீர்கள். எந்தக் கட்சிக்காரர் பேசினாலும், புதிதாகச் சேர்ந்த ஜீவிதா கடைசியில் ஒரு வரி கூட்டியிருந்தாள்: "இதைப் பேசியது நான் இல்லை."

"ஏம்மா, அதை மறுநாள் பேப்பர்லதான் சொல்லுவாங்க. மேடையிலயேவா சொல்லுவாங்க?"

"எனக்குக் கேக்குதுங்க மேடம்."

"உன்கூடக் கேட்ட ஸ்டெபினுக்குக் கேக்கலையே! இன்னொருக்கா சேர்த்தீன்னா வேலை கிடையாது, ஊட்டுக்குப் போயிக்க."

ஜீவிதாவின் கண் கலங்கியது. மனசு கேட்காமல், எல்சாவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேத்தியில் நடந்த கூட்டத்துப் பேச்சைத் தட்டச்சு செய்தாள். பேசியவர் நன்றி சொன்னார். கூட்டம் கைதட்டியது. ஒலி நின்றது.

"கைதட்டலோட முடிஞ்சிருச்சு பாரு. வேற ஒரு சத்தமும் இல்ல," என்று ஒரு கையால் ஹெட்போனைக் கழற்றினாள்.

ஜீவிதா திரையைக் காட்டினாள். 'கைதட்டல்' என்று எல்சா அடித்திருந்ததற்குக் கீழே அந்த வரி இருந்தது. எல்சாவின் விரல் இன்னும் முற்றுப்புள்ளி விசையின் மேலேயே இருந்தது.