ஏட்டின் கல்யாணச் சட்டை

பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் போலீஸ் காக்கிச் சட்டையோடு பேசக் கூடாது என்பது சட்டம். ஆகவே ஏட்டு தணிகைவேல், மச்சான் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சை ஜரிகைச் சட்டையில், தொப்பையை எக்கிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஏஞ்சலின். வயது பதினாறு, சிப்காட் கம்பெனி ஒன்றில் செம்புக் கம்பி திருடியதாகப் புகார். ஜன்னல் வெயிலில் அவள் கன்னத்து வீக்கம் பளபளக்கிறது. யாரும்மா அடிச்சது என்று நாலு தரம் கேட்டுவிட்டார். அவள் வாயே திறக்காமல் ஜரிகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் பூட்ஸ் சத்தம். போனில் புகார் சொன்ன செக்யூரிட்டி வரதன், தொப்பியும் விசிலுமாக, இன்ஸ்பெக்டரே எழுந்து நிற்கும் தோரணையில் நுழைகிறான். நேரே ஏட்டிடம் வருகிறான்.

“நீதான் இவ நைனாவா? பொண்ண வளக்கத் தெரியாம மாப்ள கணக்கா குந்திக்கினுகீற. நீ ரெண்டு அற உட்டு வளத்திருந்தா, நான் உட வேண்டி வந்திருக்காது.”

ஏட்டு எக்கிப் பிடித்த மூச்சை நிம்மதியாக விடுகிறார். தொப்பை தன் இடத்துக்கு வருகிறது. ஜரிகைச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுகிறார்.

“எத்தினி அற உட்டீங்க, சார்?” பணிவாகத்தான் கேட்கிறார்.

“ரெண்டு.”

“மூணு,” என்கிறாள் ஏஞ்சலின்.