இருபத்து மூன்று நிமிடப் பாட்டு

"அப்பா, பாட்டை நிறுத்துங்க." இசைத்தட்டு சுழலும்போது வாயே திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். பழைய ராக் குழு ஒன்றின் இருபத்து மூன்று நிமிடப் பாட்டில் அப்பாவும் தச்சர் மாமாவும் கண்மூடிக் கிடக்கிறார்கள். மதிய வெயிலில் கறுப்புத் தட்டு மினுங்குகிறது. கோணல்மாணலான அந்தத் தாளத்தை இருவரின் கால்விரல்களும் பிசகாமல் தட்டுகின்றன. "நாளைக்கு எனக்குப் பட்டமளிப்பு விழா. நம்ம குடும்பத்துலயே முதல் பட்டம். வருவீங்களா, மாட்டீங்களா?" அப்பா ஒற்றை விரலை உயர்த்துகிறார். "ஆர்கன் வாசிப்பு வருது, பொறு." மாமாதான் சமாதானம் சொல்கிறார். "நாளைக்கு இந்தக் குழுவோட டிரம்மர் செத்த நினைவுநாள் கண்ணு. ரசிகருங்க எல்லாரும் இங்கதான் கூடுறோம். அப்பா இல்லாம எப்படி?" "செத்தவருக்கு வருஷா வருஷம் வரும் மாமா. எனக்கு ஒரு தடவைதான்." அப்பா கண்ணைத் திறக்கவில்லை. அவருக்கென்று வாங்கிய அனுமதிச் சீட்டில், தினமும் அவள் படிப்பை விசாரிக்கும், கல்லூரி நூலகத்தைப் பெருக்கும் பணியாளர் அக்காவின் பெயரை எழுதியபடியே அவள் வாசலைத் தாண்டுகிறாள்.