எட்டு நிமிஷ வீடியோ

"வேணும்னே கெடுக்காரும்மா. நான் போகக் கூடாதுன்னு கெடுக்காரு."

சுபின் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்ட வேகத்தில் கஞ்சி தெறித்தது.

சகாயராணி மொபைலைத் தாழ்த்தினாள். மூன்றாவது தடவையும் வீணாய்ப் போச்சு. மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்குள் வீடியோவை அனுப்பியாக வேண்டும்.

கனடாவுக்கு மகனின் மார்க் பத்தவில்லை. வளைகுடாவில் எத்தனை வருஷம் கிடந்தாலும் ஒருநாள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். அலைந்து அலைந்து கடைசியில் திறந்த ஒரே வழி, ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்து வேலை. விசா கிடைக்கும். போகப் போக அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாம். மொழிப் பரீட்சை பாஸ். மிச்சம் இது ஒன்றுதான். படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கு முகம் துடைத்து, தலை வாரி, சாப்பாடு ஊட்டுவதை எட்டு நிமிஷம், நடுவில் வெட்டாமல் எடுத்து அனுப்ப வேண்டும்.

செம்பூரில் இந்த வேலைக்கான பயிற்சி வகுப்பில் ஒரு வருஷமாகப் பிளாஸ்டிக் பொம்மைக்கு ஊட்டிப் பழகியிருந்தான் சுபின். வீடியோவுக்குப் பொம்மை ஆகாது, மனுஷர் வேண்டும் என்றுவிட்டார்கள்.

மனுஷருக்கு எங்கே போவது? வீட்டிலேயே ஒருவர் கிடந்தார்.

சுபினின் அப்பா சூசைமாணிக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. தாராவியில் தோல் பை வியாபாரம் செய்தவர். பேரத்துக்கு உட்கார்ந்தால் இழுத்துக்கொண்டே இருப்பார். எதிராளி கடையடைக்க ஷட்டரில் கை வைக்கும்போதுதான், "சரி, கட்டு" என்பார்.

ரெண்டு வருஷமும் அவருக்கு ஊட்டியது சகாயராணிதான். சுபினுக்குக் காலையில் கூரியர் ஆபீஸ், சாயங்காலம் வகுப்பு. அவன் வீடு திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார்.

முதல் தடவை அவர் மேல் தப்பில்லை. சொன்னதையெல்லாம் கேட்டார். ஆறாவது நிமிஷத்தில் கீழ்வீட்டு மன்சூர் அலியின் தையல் மிஷின் கடகடவென்று ஆரம்பித்துவிட்டது. சுபின் பேசிய ஜெர்மன் ஒன்றும் கேட்கவில்லை.

"மறுபடி எடுக்கணும்ப்பா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மொகம் தொடைக்கதுலேருந்து."

சகாயராணி இறங்கிப் போய்ச் சொன்னதும் மன்சூர் அலி ஐந்து மணிவரை மிஷினை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் இவர் ஆரம்பித்தார்.

ரெண்டாவது தடவை, கடைசி நாலு வாய் இருக்கும்போது உதட்டை இறுக்கிக்கொண்டார். "உப்பு இல்ல."

மூன்றாவது தடவை, நன்றாக இருக்கிறதா என்று சுபின் ஜெர்மனில் பணிவாகக் கேட்கும்போது தலையாட்ட வேண்டும். இவர் கேமராவைப் பார்த்து, "படியா ஹை. ஜல்தி கர் ரே" என்றார். பிரமாதமாம், சீக்கிரம் முடிக்கணுமாம், அதுவும் இந்தியில்.

"ஏங்க இப்படிச் செய்யுதிய? புள்ளையோட வாழ்க்கை இது."

"நான் என்னட்டி செஞ்சேன்? நோயாளின்னா அப்படித்தான் இருப்பான். அங்க உள்ள கெழவன்லாம் இவன் சொன்னபடி ஆடுவானா? பழகிக்கிடட்டும்."

"பொம்மைகூட உங்களைவிட ஒழுங்கா சாப்பிட்டுச்சு" என்றான் சுபின்.

"அப்ப அந்தப் பொம்மையவே அப்பான்னு கூப்பிடுலே."

சகாயராணி வெந்நீரும் புதுக்கஞ்சியும் கொண்டுவந்து வைத்தாள்.

நாலாவது தடவை. சுபின் துண்டை நனைத்துப் பிழிந்து நெற்றி, காதுமடல், தாடைக்குக் கீழே என்று பதமாகத் துடைத்தான். தலை வாரினான். கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினான். ஏழாவது நிமிஷம் வரைக்கும் தங்கமாய்ப் போனது. சகாயராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருமல். வாயிலிருந்த கஞ்சி முழுக்கச் சுபின் சட்டையில்.

அது பொய் இருமல் என்று முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா?

சுபின் கத்தவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"மணி நாலரை ஆச்சு. இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷந்தான்ப்பா. அப்பவும் கெடைக்குமோ என்னவோ. இது கடைசி."

"கடைசியா?"

"ஆமா."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"சரி, கட்டு."

ஐந்தாவது தடவை எந்தப் பொம்மையும் அப்படி ஒத்துழைத்திருக்காது. முகத்தை வாகாகத் திருப்பிக் கொடுத்தார். கேட்ட இடத்தில் தலையாட்டினார். கோணிய வாயோடு சிரிக்கவும் செய்தார். கடைசி வாயை விழுங்கிவிட்டு, ஆயிற்று என்று வாயைத் திறந்து காட்டினார்.

வீடியோ போய்ச் சேர்ந்தது. டீச்சரிடம் சொல்ல சுபின் செம்பூருக்கு ஓடினான். இரும்பு ஏணியில் அவன் இறங்கும் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து சகாயராணி திரும்பினாள்.

"இப்ப செஞ்சத அப்பவே செஞ்சா என்ன? புள்ளைய அழ வைக்காத கொறையா படுத்திட்டிய. பெத்த அப்பன் செய்யுத காரியமா இது?"

அவள் கிண்ணங்களை எடுத்து அடுக்கினாள்.

"ராத்திரிக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வயிறு கிண்ணுனு இருக்கு."

"இருக்காதா பின்ன? அஞ்சு கிண்ணம் கஞ்சி."

மகன் வாரிவிட்ட தலையை அவர் இடது கையால் மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஒழுங்கா இருந்திருந்தா ரெண்டு கிண்ணத்தோட எந்திச்சுப் போயிருப்பாம்ட்டி. இழுத்துப் பிடிச்சதுலதான் அஞ்சு கிண்ணம் எம்மவன் கையால தின்னேன்."