வாயில் வராத பெயர்

ஜார்சுகுடா.

ஈரோட்டில் ரயில் ஏறியதிலிருந்து அந்தப் பெயரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். ஜாசுகடா என்றாள். சார்சுகுட்டா என்றாள். எதிர் இருக்கைப் பெண் சிரித்துவிட்டு, நெஞ்சிலிருந்து காற்றைத் தள்ளி முதல் எழுத்தைச் சொல்லிக் காட்டினாள். இவளுக்கு இருமல்தான் வந்தது.

வழியில் வந்த ஊர்களும் லேசில் விடவில்லை. டிட்லாகர். பலாங்கீர். ஒவ்வொன்றிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

ஜார்சுகுடா ஆஸ்பத்திரியில்தான் அவள் வீட்டுக்காரர் கிடக்கிறார். போர்வெல் லாரியில் குழாய் சரிந்து காலில் விழுந்ததாம். சேர்த்துவிட்டு லாரி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கூட வேலை பார்த்தவர் போனில் சொன்னது அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கும் அவர் வரவில்லை. முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

எப்படியோ இறங்கினாள். எப்படியோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் கேட்டார். "நாம்?"

பெயரைக் கேட்கிறார். அது புரிந்தது. புரிந்ததுதான் வம்பு.

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் சொன்னதில்லை. "ஏனுங்க" என்பாள், அவர் திரும்புவார். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். யாருமில்லாவிட்டால், "மலைமேல வேலு புடிச்சு நிக்கற சாமி பேருங்க" என்பாள். திருச்செங்கோட்டில் அது போதும்.

இங்கேயும் சொல்லிப் பார்த்தாள். கையை உயர்த்தி மலை காட்டினாள். வேல் பிடித்து நின்றாள்.

கவுண்டரில் இருந்தவர் ஊசி போடும் அறைக்குக் கை காட்டினார்.

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"செங்கோட்டுவேலு."

உடம்பு கூசியது. இன்னொரு தரம் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

"ஷெங்கு... கொட்டு..." என்று முக்கினார் அவர். பாவமாக இருந்தது. அந்த அவஸ்தை அவளுக்குத் தெரியாததா? நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னாள். அவர் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

கடைசியில் நோட்டைப் புரட்டி, நீளமான வராந்தாவைக் காட்டினார்.

இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாம் ஒரே பச்சை.

எதைத் திறப்பது?

நடுவில் நின்று கூப்பிட்டாள். முந்தானை தோளிலேயே இருந்தது. சத்தமாக, முழுப் பெயரும்.

இன்னொரு தரமும் கூப்பிட்டாள்.

பிறகு ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. ஆசையாக.

"யாருங்க அம்மணி அது? நம்மூருங்களா?"