கீழே ஓடும் எழுத்து

"படத்துல கீழ ஓடற எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கும்மா, என் கண்ணுக்குத் தெரியாது. நீ மட்டும் போய்ட்டு வா."

மாமனார் இப்படித்தான் தட்டிக்கழித்தார். மருமகளா விடுகிறவள்? காதோரம் படித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்துக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு படம் போடுவார்கள். இன்றைக்கு, விருதுகளை அள்ளிய ஈரான் படம்.

அவள் அதை ஏற்கெனவே பார்த்தவள். இருந்தும் அவரை இழுத்து வந்ததற்குக் காரணம் நாத்தனார்.

தனக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு மாமனார் பேசி மூன்று வருடம் ஆகிறது. பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். நாத்தனாரோ, குழந்தைக்கு ஒரு வயது ஆகப் போகிறது, அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் அண்ணி என்று தினமும் போனில் அழுகிறாள். யார் கேட்பது? பெற்ற மகனே அவர் முன்னால் வாயைத் திறக்க மாட்டான். சரி, படமே பேசட்டும் என்று மருமகள் முடிவு செய்தாள்.

படத்திலும் அதே கதைதான். முரட்டு ரொட்டிக்கடைக்காரர், அவர் பேச்சைக் கேட்காமல் போன மகள். கடைசி வசனம் ஒன்றுதான் உதைத்தது. அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கிசுகிசுத்தாள். முன்னால் இருந்தவர் இரண்டு முறை திரும்பி முறைத்தார். கண் ஆபரேஷன் ஆனவர் என்று ஜாடை காட்டிச் சமாளித்தாள்.

மாமனார் நன்றாகவே ரசித்தார். ரொட்டிக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரை நக்கலடித்த இடத்தில், அவள் படித்து முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார். இந்த மாதிரி நடிப்புக்கு பாஷை எதற்கு என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிக் காட்சி. மழையில் குழந்தையோடு மகள் கதவைத் தட்டுகிறாள். திரை முழுக்க மூடிய கதவு. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் மட்டும் கேட்கிறது, அதோடு படம் முடிகிறது.

'எனக்கு மகளே இல்லை. போ' என்று ஓடியது எழுத்து.

மருமகள் அவர் காதோரம் இன்னும் குனிந்தாள். தன் வசனத்தைப் படித்தாள்.

"கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. உள்ள வாம்மா."

விளக்கு எரிந்ததும் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண், அதனால் இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"அவளுக்குப் போனைப் போட்டுக் குடு."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை குழந்தையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வா," என்றார் அவர். மறுமுனையில் பெரிய அழுகை. அது அடங்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

மருமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் பொய் சொல்லிச் சாதித்தது உறுத்தியது. மனசு கேட்காமல், "மாமா, அந்தக் கடைசி வசனம் வந்து..." என்று இழுத்தாள்.

"படம் பிரமாதம்மா," என்றார் மாமனார், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி. "அந்த ரொட்டிக்கடைக்காரன் பேச்சு இருக்கே, அச்சு அசல் ஈரான் துறைமுகத்துப் பேச்சு. என் கல்யாணத்துக்கு முன்னாடி ஏழு வருஷம் நான் அங்கதான் வெல்டரா இருந்தேன். கடைசி வசனம் மட்டும், அவங்க எழுதினதைவிட நீ எழுதினதுதான் நல்லா இருந்துச்சு."