உப்புப் பார்க்க ஓர் ஆள்

"ஒரு வாய் தின்னு பாத்துட்டு உப்பு சரியான்னு சொல்லு, புள்ள."

மேல்வீட்டு உம்மு ஹமது ஆவி பறக்கும் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். படியிறங்கி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

எலெனி கிண்ணத்தைப் பார்த்தாள். கோதுமையும் ஆட்டிறைச்சியும் குழைய வெந்த ஹரீஸ். மேலே நெய் மிதந்தது.

நோன்பு வைத்த வாயால் உம்மு ஹமது ருசி பார்க்க மாட்டாள். அவள் வீட்டில் எல்லோருமே நோன்பு. மகன் ஹமதுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் அன்றுதான் முதல்முறையாக நோன்பு திறக்க வருகிறார்கள். கீழ்வீட்டில் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி குடியிருப்பது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்து ஓடி வந்திருக்கிறாள்.

"என்ன முழிச்சிக்கிட்டு நிக்கிற? உனக்குத்தான் நோன்பு இல்லையே. வாயைத் தொற."

எலெனி வாயைத் திறக்கவில்லை.

எத்தியோப்பியாவிலிருந்து அவளும் கணவன் கிர்மாவும் இந்த அரபு நாட்டு மிர்பாத் கடற்கரைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அவனுக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. அரபியில் அவள் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'சரி'. தலையை மூடிக்கொள் என்றார்கள், சரி. பகலில் தெருவில் தண்ணீர் குடிக்காதே என்றார்கள், அதற்கும் சரி.

ஒன்றை மட்டும் எதற்காகவும் விடுவதில்லை என்று விமானத்தில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பத்தைந்து நாள் நோன்பு. இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் கிடையாது. பிற்பகல் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீரும் கிடையாது. இந்த ஊரில் அவளுக்குக் கோவில் இல்லை, பாதிரியார் இல்லை, நோன்பு இருந்தாயா என்று கேட்க ஒருவரும் இல்லை. அதனாலேயே அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருடம் அது ரமலானோடு சேர்ந்து வந்துவிட்டது.

முதல் நாளே மாடியிலிருந்து ஒரு கிண்ணம் கறிச்சோறு வந்தது. கொடுத்தனுப்பியது வீட்டுக்காரி உம்மு ஹமது.

"பேசாம வாங்கிக்க. நம்ம நோன்பைப் பத்தி மூச்சு விடாத. வீடு கெடச்சதே பெரிய பாடு" என்றான் கிர்மா. கடற்கரைக் கட்டடத்தில் வேலை செய்யும் கொத்தனார்களுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னான். பதினோரு நாளாகக் கிண்ணம் தவறாமல் வந்தது, தவறாமல் கழுவித் திரும்பியது.

இன்று கையில் கரண்டியோடு அவளே வந்து நிற்கிறாள்.

"ஏன், என் கையால சமைச்சது உனக்கு ஆகாதா?"

உம்மு ஹமதின் முகம் சுண்டிப்போயிருந்தது. ஒரு வாய்தான். தின்றுவிட்டால் வீடும் தப்பும், உறவும் தப்பும். எலெனி தலைத்துணியின் முனையை இறுக்கிப் பிடித்தாள்.

"நாங்களும் நோன்பு, உம்மு ஹமது."

"யாரை ஏய்க்கிற? நேத்து மூணு மணிக்கு நீ வெங்காயம் வதக்குன வாசனை மாடிக்கே வந்துச்சு."

"எங்க நோன்பு வேற. கறி இல்ல. பால் இல்ல. நெய் இல்ல. மர்யமோட மகன் ஈசா வனாந்தரத்துல பட்டினி கெடந்தாரே, அதை நெனச்சு. அம்பத்தஞ்சு நாள்."

"அம்பத்தஞ்சா!" உம்மு ஹமது படியில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பதுக்கே எங்க வீட்டு ஆம்பளைங்க சுருண்டு கெடக்கறாங்க. அப்ப நான் குடுத்ததெல்லாம்?"

"கொத்தனாருங்களுக்கு. அவங்க நோன்பு திறக்க. ஒரு பருக்கைகூட வீணாக்கல."

இனி வீட்டைக் காலி செய்யச் சொல்வாள். சொல்லட்டும் என்று எலெனி நிமிர்ந்து நின்றாள்.

"அடி அசடே, மொத நாளே சொல்லியிருந்தா தேங்காப்பால் ஊத்திப் பருப்பு வேக வச்சிருப்பேனே! நோன்பு வச்ச புள்ளைக்கு தெனமும் கறியக் காட்டியிருக்கேன். அல்லா என்னைக் கேக்க மாட்டானா?"

எலெனி இறுக்கிப் பிடித்திருந்த துணியை விட்டாள்.

"அது கெடக்கட்டும்" என்று உம்மு ஹமது எழுந்தாள். "இப்ப உப்பை யாரு பாக்கறது? பொண்ணு வீட்டுக்காரங்க வண்டி ஏறிட்டாங்க. இன்னைக்குக் கோட்டை விட்டா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்களே."

கேட்டருகே கிர்மா நின்றிருந்தான். கையில் எஞ்சின் கரி. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ. இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, கரண்டியை எடுத்து ஒரு வாய் ஹரீஸை விழுங்கினான்.

"உப்பு கம்மி" என்றான். "முந்தாநாள் போட்டீங்களே, அந்த அளவு போடுங்க. அதுதான் கரெக்டா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

உம்மு ஹமது கரண்டியை வாங்கிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்றாள். திரும்பவில்லை. அவள் தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.

எலெனி கணவனைப் பார்த்தாள். பதினோரு நாளில் அவன் கொஞ்சமும் மெலியாததைக் கர்த்தரின் கிருபை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

 இன்று போக மீதமுள்ள நாற்பத்து மூன்று நாள் நோன்பையும் இருவருக்குமாகச் சேர்த்துத் தானே இருந்து முடிப்பது என்று முடிவு செய்தாள்.