குகதாசனின் கடைசி ஓட்டம்

மூன்று வருடமாகக் கடைசி இடத்தில் கிடந்த எங்கள் மெல்பர்ன் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து அணியை நிமிர்த்த, பயிற்சியாளர் நிரஞ்சலா ஒரு வழி கண்டார். முப்பத்தாறு வயது குகதாசனின் பதினாறு வருட அனுபவத்தைப் ஒரு கருவி மாட்டிப் பதினேழு புதுப் பையன்களின் தலையிலும் அப்படியே ஏற்றிவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தோடு குகதாசனுக்கு ஓய்வு. மனிதர் ஒரு வாரமாகச் சிரித்தபடியே தூங்கினாராம்.

ஆட்டம் தொடங்கியது. முட்டை வடிவப் பந்து எங்கே விழும் என்று பதினேழு பேருக்கும் தெரிந்தது. அங்கே யார் வந்து இடிப்பார்கள் என்பதும் தெரிந்ததால் ஒருவரும் ஓடவில்லை. பத்தொன்பது வயது ஐங்கரன், அடியே படாத முழங்காலைத் தடவியபடி மைதான நடுவில் உட்கார்ந்துவிட்டான். அவன் விட்ட பெருமூச்சில் எங்கள் பக்கத்து நான்கு கோல் கம்பங்களும் ஆடின. என் கண்ணால் பார்த்தேன்.

"எழும்படா தம்பி, ஓடு!" என்று கத்தினார் குகதாசன்.

"ஏலாது அண்ணை. பதினாறு வருசம் ஓடிக் களைச்சுப் போனன்."

"ஓடினது நானடா!"

"ஓம். நோகிறது எனக்கெல்லோ."

வேறு வழியில்லாமல் குகதாசனே நொண்டி நொண்டி ஓடிப் பந்தைப் பிடித்தார். எல்லைக்கோட்டிலிருந்து நிரஞ்சலா துள்ளினார்.

"குகன் அண்ணை! இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஓடப்போறது நீங்கள்தான்!"

குகதாசன் பந்தைக் கீழே போட்டார். மெல்ல நடந்து ஐங்கரனிடம் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி இரடா."